தீட்டு வண்டி

வேனில் முன் சீட்டு செல்வாம்பாளுடையது. டிரைவருக்குப் பக்கத்தில், காற்று முகத்தில் அறைய, மடியில் வெற்றிலைப் பையை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தால்தான் வண்டி கிளம்பும். தெரியாத்தனமாக வேறு யாராவது ஏறி உட்கார்ந்துவிட்டால், "எழுந்திரிடி, பின்னாடி உக்காந்தா எனக்கு வாந்தி வரும்" என்பாள். சின்ன வயதில் அப்பனோடு கட்டுமரத்தில் ஏறிக் கடலுக்குள் போய் வந்தவளுக்கு வேனில் வாந்தி வருமாம். கேட்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டு பின்னால் போய்விட வேண்டியதுதான்.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவள் அவள். சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்து விசைப்படகுகளைக் கட்டிப் போட்டுவிட்டால் மார்க்கெட்டில் பாதிப் பலகை காலியாகிவிடும். அந்தச் சமயம் பார்த்து, அவள் வரிசையில் உட்காருகிற பெண்கள் எல்லாரும் ஒரு வேன் பிடித்துக் கோயில் கோயிலாகச் சுற்றிவிட்டு வருவார்கள். திருவண்ணாமலை, சமயபுரம், ஒரு தடவை ராமேஸ்வரம்கூடப் போயிருக்கிறார்கள். இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்ததே செல்வாம்பாள்தான். கல்யாணமாகி வந்த நாள் முதல் வீடு, துறைமுகம், மார்க்கெட் என்று சுற்றிக்கொண்டிருந்தவள் ஒரு நாள் அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டு, "நாமளும் மனுசங்கதான, நாலு ஊரு பாத்தா என்னா கொறைஞ்சா பூடும்?" என்று கேட்டாள். அன்றைக்குக் கிளம்பியதுதான் வண்டி. எந்தச் சத்திரத்தில் தண்ணீர் வரும், எந்த ஊர்க் கக்கூஸில் கால் வைக்கலாம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி.

வாழ்க்கைப்பட்டது உப்பளத்துக்குத் தெற்கே கடலை ஒட்டியிருக்கும் குப்பத்தில். புருஷன் காத்தவராயன் அதிகம் பேசமாட்டார். வீட்டில் அவள் பேசுவாள், அவர் கேட்பார். டூர் கிளம்புகிற அன்று புளிசோற்றுத் தூக்கை வண்டி வரை தூக்கிவந்து அவள் காலடியில் வைத்துவிட்டு, "பாத்து" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையோடு அவள் ராமேஸ்வரம் வரை போய் வந்திருக்கிறாள்.

போன கார்த்திகையில், கரையில் உட்கார்ந்து வலைக்குக் கண்ணி முடிந்துகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. கருமாதி அன்று ஊர்ப் பெண்கள் அவளை நடுவில் உட்கார வைத்து, "பூ இல்லாம, பொட்டு இல்லாம, தாலி இல்லாம எப்பிடி நிக்கப்போறா இவ" என்று ஒப்பாரி வைத்தார்கள். அவளும் அழுதாள். மனசார அழுதாள்.

மறு வாரமே மார்க்கெட்டில் பலகை முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அதற்கு யாரும் குறுக்கே நிற்கவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிற சொல்தா வீடுகளிலிருந்து வஞ்சிரத்துக்கு வருகிறவர்களும், நெத்திலிக்கு வாய் வலிக்கப் பேரம் பேசுகிறவர்களும் அவளுடைய வெறும் நெற்றியை ஒரு தரம் பார்த்தார்கள், பிறகு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார்கள். மீன் விற்கத் தீட்டு இல்லை.

மாசி மாதம் குப்பத்து அங்காளம்மன் மயானக்கொள்ளைக்குப் புறப்பட்டாள். மேளமும் பம்பையுமாக அம்மனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். அங்கே சாம்பலில் ஆடிவிட்டுத்தான் அவள் திரும்புவாள். காத்தவராயனை எரித்ததும் அந்தச் சுடுகாட்டில்தான். ஊர்வலம் தெருவுக்குள் நுழைந்தபோது செல்வாம்பாள் வாசலுக்கு வந்தாள். முன்னால் வந்த குஞ்சம்மாள், "தீட்டு ஊடு, கதவ சாத்துடி" என்று கையை ஆட்டினாள். செல்வாம்பாள் கதவைச் சாத்திக்கொண்டு, பம்பைச் சத்தம் தேய்ந்து மறையும் வரை உள்ளேயே நின்றாள்.

குஞ்சம்மாள் யார் என்று சொல்ல வேண்டும். மார்க்கெட்டில் அடுத்த பலகை அவளுடையது. வயதில் மூத்தவள். ஊரில் எது கூடும், எது கூடாது என்பது அவளைக் கேட்டுத்தான். கெட்டவள் இல்லை. செல்வாம்பாள் வீட்டு எழவுக்கு முதல் ஆளாக ஓடிவந்து அடுப்பில் உலை வைத்தவள் அவள்தான். ஆனால் கூடாது என்று அவள் வாயில் ஒன்று வந்துவிட்டால் அதைத் திரும்ப உள்ளே தள்ள யாராலும் முடியாது.

சித்திரை வந்தது. படகுகளைக் கட்டினார்கள். இந்த வருஷம் மேல்மலையனூர் போகலாம் என்று செல்வாம்பாள் வாயெடுத்ததும் குஞ்சம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நாங்க போறம். நீ எங்க வர்ற?"

"ஏன், எனக்கு என்னா?"

"புருசன் போயி வருசம் திரும்பல. தீட்டோட கோயிலு படி ஏறுவியா நீ? ஏறுனா எங்களுக்கும் சேத்து ஒட்டும்."

"தெனம் உன் தோளு இடிக்க உக்காந்து மீன் அரியறேன். அது ஒட்டலியா, யக்கா?"

"மீனு வேற, சாமி வேற."

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் தராசைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டார்கள். செல்வாம்பாள்தான் கேட்டாள்.

"அப்ப முன் சீட்டுல யாரு?"

"நான் உக்காந்துக்கறேன்" என்றாள் குஞ்சம்மாள்.

அதுதான் சுட்டது. வீட்டுக்குப் போய்க் கூடையை மூலையில் எறிந்தாள். புருஷன் செத்தபோது வந்த அழுகை இப்போது வரவில்லை. வந்தது முழுக்கக் கோபம். செத்தவருக்காக அழுது முடித்தாயிற்று, உயிரோடு இருக்கிறவளை எதற்காக வெளியே நிறுத்துகிறார்கள் என்று அவளுக்குப் புரியவே இல்லை. காத்தவராயன் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், சோற்றுத் தூக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்திருப்பார்.

மறுநாள் ஹேமலதா சங்கரா மீன் வாங்க வந்தாள். வெள்ளைக்காரர்களையும் சென்னைக்காரர்களையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்ப் பழைய கோயில்களைச் சுற்றிக் காட்டுவது அவள் வேலை.

"என்னக்கா, இந்த வருஷம் எந்தக் கோயில்?"

"எனக்கு ஏதும்மா கோயிலு? சாமி என்னப் பாத்தா அதுக்குக் கண்ணு பூத்துடுமாம். நீ எங்க போற?"

"மண்டகப்பட்டு. திருக்கனூர் தாண்டிப் போகணும். ஒரே பாறையில குடைஞ்ச கோயில், ஆயிரத்து நானூறு வருஷம் இருக்கும். ஆனா உங்க ஆளுங்களுக்குப் பிடிக்காது. பூசை கிடையாது, ஐயர் கிடையாது. உள்ள மூணு மாடம், மூணும் காலி. சாமியே இல்லக்கா."

செதிலைச் சீவிக்கொண்டிருந்த கை நின்றது.

"சாமியே இல்லியா?"

"இல்ல."

"கோயிலு, ஆனா சாமி இல்ல."

"ஆமா."

"அப்ப தீட்டு யாருக்கும்மா ஒட்டும்?"

ஹேமலதா சிரித்துவிட்டாள். செல்வாம்பாள் சிரிக்கவில்லை. சங்கராவைத் துண்டு போட்டுக் கொடுத்துவிட்டு, எழுந்துபோய் இறால் விற்கிற ஜெயசித்ராவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஜெயசித்ரா சின்னப் பெண். டூர் தேதி முடிவானால் முதலில் மருந்துக்கடைக்கு ஓடுகிறவள். மாதத் தேதி குறுக்கே வந்துவிடக் கூடாதென்று மாத்திரை போட்டுத் தள்ளிப் போடுவாள். கோயில் எல்லாம் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பாள்.

"இந்த வருசம் மாத்திர வாணாம்டி. அப்பிடியே வா" என்றாள் செல்வாம்பாள்.

"அப்பிடியேன்னா?"

"எப்பிடி இருக்கறியோ அப்பிடி."

அடுத்தது சொர்ணம். மாமியார் செத்து எட்டு மாதம். "அவ இருக்கறப்பவே என்ன ஒரு எடத்துக்கு உட்டதில்ல, செத்தும் உடமாட்டன்றா" என்று சொர்ணம் ஏற்கெனவே புலம்பிக்கொண்டிருந்தாள். புருஷன் விட்டுப்போன ஒருத்தி, நல்ல காரியத்துக்கு முன்னால் வரக் கூடாது என்று ஒதுக்கி வைத்த இன்னொருத்தி, அண்ணன் சாவுக்குத் தீட்டுக் காக்கிறவள், மாதத் தேதியில் மாட்டிக்கொண்டவர்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். வேன் நிறைந்துவிட்டது. இத்தனை பேரா வெளியே நிற்கிறோம் என்று அவர்களுக்கே ஆச்சரியமாக இருந்தது.

விஷயம் குஞ்சம்மாள் காதுக்குப் போனது. மார்க்கெட்டே கேட்க, "கெளம்புதுடியோய் தீட்டு வண்டி! எல்லாரும் ஒதுங்குங்க!" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். செல்வாம்பாளும் கேட்டாள். வாயிலிருந்த வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, "நல்ல பேரா இருக்குது. எழுதி ஒட்டுங்கடி" என்றாள்.

ஜெயசித்ரா அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிவந்து, கிளம்புகிற அன்று காலையில் வேன் கண்ணாடியில் ஒட்டினாள். தவளக்குப்பத்துக்காரர் உத்திராபதி அட்டையையும் வண்டிக்குள்ளேயும் மாறி மாறிப் பார்த்தார். வருஷா வருஷம் அவர்களை ஏற்றிப் போகிற டிரைவர் அவர். இந்தத் தடவை மேல்மலையனூர் வண்டிக்கு மச்சானை அனுப்பிவிட்டு, செல்வாம்பாள் சொல்லைத் தட்ட முடியாமல் தான் இதற்கு வந்திருந்தார்.

"யக்கா, வண்டில முருகர் இருக்கறாரு" என்று டாஷ்போர்டில் இருந்த சின்னச் சிலையைக் காட்டினார்.

"அதுக்கு?"

"எல்லாரும் தீட்டோட ஏறுவீங்களே."

"அவரு ஒண்டிக்கட்டையா பழனில நின்னவரு. ஒண்ணும் நெனச்சிக்க மாட்டாரு. பயமா இருந்தா மூடி வை."

உத்திராபதி தோள் துண்டால் முருகரைப் போர்த்தினார். டயரில் நசுக்க வாங்கிவந்த எலுமிச்சம்பழத்தை வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். எதிரே மேல்மலையனூர் வண்டி நின்றது. அதன் முன் சீட்டில் குஞ்சம்மாள் மஞ்சள் புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். செல்வாம்பாளின் மகன் வெற்றிவேல் தட்டாஞ்சாவடியில் வேலைக்குப் போகிற வழியில் பைக்கை நிறுத்தி, கண்ணாடியில் இருந்த அட்டையைப் படித்துவிட்டு, அம்மாவைப் பார்க்காமலே கிளம்பிப் போனான். சோற்றுத் தூக்கை அவளே தூக்கி வைத்துக்கொண்டாள். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, "பாத்துப் போப்பா" என்றாள் உத்திராபதியிடம்.

வில்லியனூர் தாண்டி, கரும்பும் நெல்லுமாக வழி போயிற்று. மண்டகப்பட்டில் வண்டி நின்ற இடத்தில் கோபுரம் இல்லை, பூக்கடை இல்லை, செருப்புக்கு டோக்கன் கொடுக்கிற ஆளும் இல்லை. ஒரு பாறை. அதில் குடைந்த முகப்பு. இரண்டு கனத்த தூண்கள். இரண்டு ஓரத்திலும் கதாயுதத்தில் சாய்ந்தபடி ஆளுக்கொரு வாசல்காவலன்.

"இவ்ளோதானா?" என்றாள் சொர்ணம். அவள் பழக்கதோஷத்தில் தேங்காயும் கற்பூரமும் கொண்டுவந்திருந்தாள்.

மரத்தடியில் இருந்த காவலாளி எழுந்து வந்தார். "சாமி கும்புடவா வந்தீங்க? உள்ள ஒண்ணும் இல்லம்மா."

"தெரியும். அதுக்குத்தான் வந்தோம்" என்றாள் செல்வாம்பாள்.

கற்பூரம் கொளுத்தக் கூடாது, கல்லில் கீறக் கூடாது என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி மரத்தடிக்கே போனார். பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாகப் போய் வாசலில் நின்றார்கள். நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள். போகாதே என்று சொல்ல ஆள் இல்லை, ஆனாலும் கால் எழவில்லை. ஜெயசித்ரா புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். யாராவது வந்து விரட்டுவார்கள் என்று காத்திருக்கிற மாதிரி இருந்தது.

செல்வாம்பாள் காவலர்களை ஏற இறங்கப் பார்த்தாள். "இவனுங்க ஆயிரம் வருசமா தடியோட நிக்கறானுங்க. நம்மள ஒரு கேள்வி கேட்டானுங்களா? வாங்கடி" என்று உள்ளே காலை வைத்தாள்.

பாறைக்குள் குளிர்ச்சியாக இருந்தது. வெயிலில் காய்ந்த பாதங்களுக்கு அது சுகமாக இருந்தது. தூண்களைத் தொட்டுப் பார்த்தார்கள். பின்சுவரில் ஹேமலதா சொன்ன மாதிரியே மூன்று மாடங்கள், மூன்றும் காலி. சொர்ணம் எட்டிப் பார்த்துவிட்டு, "சாமிங்கல்லாம் எங்க போச்சி?" என்று கேட்டாள்.

"அதுங்களுக்கும் தடைக்காலம் போல. டூர் போயிருக்கும்" என்றாள் ஜெயசித்ரா.

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. அதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவர்கள் குரலைத் தாழ்த்தவே இல்லை.

வெளியே அறிவிப்புப் பலகை இருந்தது. செல்வாம்பாள் எட்டாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தாள். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல், பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் என்கிற ராஜா எடுப்பித்த கோயில் என்று கல்வெட்டில் எழுதியிருக்கிறதாம்.

"என்னாடி இது, எல்லாம் இல்லாம இல்லாமன்னே இருக்குது" என்றாள் சொர்ணம்.

செல்வாம்பாளுக்குக் கருமாதி அன்று கேட்ட ஒப்பாரி ஞாபகம் வந்தது. பூ இல்லாம, பொட்டு இல்லாம. "இல்லாமதான் நிக்குது பாரு, இத்தினி வருசமா" என்றாள். திரும்பவும் உள்ளே போனாள். போனவள் நேரே நடு மாடத்தில் ஏறி நின்றுகொண்டாள்.

பயம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அங்கிருந்து பார்த்தால் இரண்டு தூண்களுக்கு நடுவில் வெயில் தெரிந்தது. வெயிலில், வாசலுக்கு வெளியே, இன்னும் உள்ளே வரத் தயங்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் தெரிந்தார்கள். சாமி நிற்கிற இடத்தில் நின்று பார்த்தால் வெளியே நிற்கிறவர்கள்தான் முதலில் கண்ணில் படுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. "ஏய், என்னா அங்கியே நிக்கிறீங்க, உள்ள வாங்கடி!" என்று கூப்பிட்டாள். வந்தார்கள்.

ஜெயசித்ரா ஒரு பக்கத்து மாடத்தில் ஏறினாள். சொர்ணத்தை இன்னொன்றில் ஏற்றிவிட்டார்கள். உத்திராபதி போட்டோ எடுத்தார். ஒருத்தி கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்கிறாள், ஒருத்தி இடுப்பில் கை வைத்திருக்கிறாள், நடுவில் செல்வாம்பாள் வெற்றிலைப் பையோடு நேராகப் பார்க்கிறாள். தேங்காயை வெளியே ஒரு கல்லில் உடைத்துப் புளிசோற்றுக்குத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். எலுமிச்சம்பழம் ஜூசுக்கு உதவியது. திரும்புகிற வழியில் உத்திராபதி முகம் துடைக்க முருகர் மேலிருந்த துண்டை எடுத்தவர், திரும்பப் போட மறந்துபோனார். வண்டி பத்திரமாக உப்பளம் வந்து சேர்ந்தது.

வினை போட்டோவில் வந்தது. ஜெயசித்ரா அதை ஸ்டேட்டஸில் வைத்து, கீழே 'மும்மூர்த்தி, தீட்டு வண்டி' என்று எழுதிவிட்டாள். குப்பம் முழுக்கப் போயிற்று. தட்டாஞ்சாவடியில் பகல் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்கிறவன் வெற்றிவேலிடமே அதைக் காட்டினானாம். அன்று அவன் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"சாமி நிக்கிற எடத்துல ஏறி நின்னியாம்மா?"

"காலியாதான இருந்திச்சி."

"பஞ்சாயத்துல கூப்புடறாங்க. மன்னிப்புக் கேக்கலன்னா துறைமுகத்து ஏலத்துல உனக்கு யாரும் மீன் போட மாட்டாங்களாம். என்னா பண்ணுவ? பேசாம போயி கேட்டுட்டு வந்துடும்மா. எனக்கு வெளில தல காட்ட முடியல."

"நான் காட்டறேன் என் தலைய. நீ சாப்புடு" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர அவளுக்கும் உள்ளுக்குள் ஆட்டம்தான். ஏலத்தில் மீன் இல்லையென்றால் மார்க்கெட்டில் பலகை இல்லை. பலகை இல்லையென்றால் அவள் யார்? வீட்டு மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காத்தவராயன் பெண்டாட்டி. அப்படி உட்காருவதற்கு அவளால் ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஞ்சாயத்தார் அங்காளம்மன் கோயில் மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். தலைவர் இராமதாஸ், காத்தவராயனுக்குத் தம்பி முறை. பெண்கள் ஓரமாக நின்றார்கள், குஞ்சம்மாள் முன்னால். செல்வாம்பாள் வந்தாள். கோயில் மதில் வாசலுக்கு வெளியே, மணலில் நின்றுகொண்டாள்.

"உள்ள வாங்க அண்ணி" என்றார் இராமதாஸ்.

"அது எப்பிடி தம்பி வருவேன்? எனக்குத் தீட்டு."

மண்டபத்தில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவர் மறுபடி கூப்பிட்டார். அவள் காதில் கையை வைத்து, "கேக்கல தம்பி, சத்தமா பேசுங்க" என்றாள். அவள் நிற்கிற இடத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் நல்ல தூரம். கொஞ்ச நேரம் கத்திப் பார்த்தார்கள். கடைசியில் பஞ்சாயத்தார் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வெயிலுக்கு வந்தார்கள். வெற்றிவேல் கூட்டத்தின் பின்னால் நின்றுகொண்டிருந்தான். ஒரு பெரியவரின் நாற்காலியை வாங்கி அவன்தான் மணலில் போட்டான்.

"நீங்க பண்ணது தப்பு அண்ணி. அம்மன் எதிர்ல விழுந்து மன்னிப்புக் கேளுங்க, முடிச்சிக்கலாம்" என்றார் இராமதாஸ்.

"எந்த அம்மன் எதிர்ல?"

"இதோ, நம்ம அம்மன்தான்."

"இப்பவா?"

"இப்பவே."

"குஞ்சம்மா அக்கா" என்று செல்வாம்பாள் திரும்பினாள். "நீதான சொன்ன, நான் வருசம் திரும்பாம கோயிலு படி ஏறக் கூடாதுன்னு. ஏறுனா எல்லாருக்கும் ஒட்டும்னு. இப்ப ஏறலாமா?"

குஞ்சம்மாள் இராமதாஸைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லு யக்கா. கும்புடப் போனா ஒட்டற தீட்டு, மன்னிப்புக் கேக்கப் போனா ஒட்டாதா? ஒட்டாதுன்னா சொல்லுங்க, இப்பவே உள்ள வரேன். ஆனா அப்ப தீட்டே இல்லன்னு ஆவுது. தீட்டே இல்லன்னா நான் அங்க போயி நின்னதுல என்னா தப்பு?"

கூட்டத்தில் ஒரு ஆள் களுக்கென்று சிரித்துவிட்டு இருமினான். இராமதாஸ் நெற்றி வேர்வையைத் துடைத்தார். குஞ்சம்மாள் முகம் சிவந்துபோயிற்று, ஆனால் அவள் சொன்ன சொல்லை அவளாலேயே விழுங்க முடியவில்லை.

"தீட்டு தீட்டுதான். உள்ள வரக் கூடாது" என்றாள்.

பஞ்சாயத்தார் குசுகுசுவென்று பேசினார்கள். கடைசியில், கார்த்திகையில் வருஷத் தெவசம் கொடுத்த கையோடு செல்வாம்பாள் அம்மன் எதிரில் வந்து நிற்க வேண்டும், அதுவரை ஏலத்தில் அவளைத் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. எல்லாரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நிழலுக்கு ஓடினார்கள். வெற்றிவேல் அம்மாவோடு வீடு வரை நடந்தான். பாதி வழியில், "அந்தக் கோயிலு உள்ள ஜில்லுனு இருக்குமாம்மா?" என்று கேட்டான்.

"நீயே போயிப் பாரு" என்றாள்.

கார்த்திகை வந்தது. தெவசம் கொடுத்த மறுநாள் அவள் குளித்து, நல்ல புடவை கட்டி, ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தப் படியில் ஏறினாள். மன்னிப்பைப் பார்க்க ஊரே வந்திருந்தது. தீட்டு வண்டிப் பெண்களும் வந்து ஒரு பக்கமாக நின்றார்கள். ஜெயசித்ரா அழுகிற மாதிரி இருந்தாள். பூசாரி திரையை விலக்கி மணி அடித்தார். தீபாராதனை வெளிச்சத்தில் அம்மன் முகம் தெரிந்தது.

செல்வாம்பாள் கையைக் கூப்பினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்க்காமல் அவள் தவித்த தவிப்பு அவளுக்குத்தான் தெரியும். கண்ணைத் துடைக்காமலே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"அம்மா, மாசி மாசம் என் தெரு வழியாத்தான் போன. நான் கதவுக்குப் பின்னாடி நின்னேன். நீ சுடுகாட்டுக்குப் போயி, என் புருசன எரிச்ச சாம்பல்ல ஆடிட்டு, நேரா வந்து இங்க உக்காந்த. உனக்கு வெளக்கு ஏத்துனாங்க, பூ போட்டாங்க. நானும் அதே சுடுகாட்டுக்குத்தான் அவரக் குடுத்தேன். உனக்கு ஒட்டாத தீட்டு எனக்கு மட்டும் எப்பிடி ஒட்டுச்சி? நீ எத்தினி மாசம் வெளில நின்ன, சொல்லு."

மணி நின்றுவிட்டது. பூசாரி தட்டைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"மன்னிப்பு, அண்ணி" என்று இராமதாஸ் மெதுவாக ஞாபகப்படுத்தினார்.

"கேட்டிருக்கேன் இல்ல தம்பி, அவ பதிலு சொல்லட்டும். சொன்ன ஒடனே விழுந்து கேக்கறேன்."

தட்டில் இருந்த குங்குமத்தை அவளே எடுத்து நெற்றி நிறைய வைத்துக்கொண்டாள். திரும்பினாள். குஞ்சம்மாள் வழியில் நின்றாள். செல்வாம்பாள் நின்று அவளைப் பார்த்தாள். குஞ்சம்மாள் அம்மனைப் பார்த்தாள், குங்குமத்தைப் பார்த்தாள், பிறகு நகர்ந்து வழி விட்டாள்.

அதற்கப்புறம் தடைக்காலம் வந்தால் மார்க்கெட்டிலிருந்து இரண்டு வண்டி கிளம்புகிறது. ஒன்று கோயிலுக்கு. அதில் செல்வாம்பாளுக்கு முன் சீட்டைத் திரும்பக் கொடுக்கிறோம் என்றார்கள். அவள் வாங்கவில்லை. இன்னொன்று பாறைக் கோயில்களுக்கு. கண்ணாடியில் அட்டை, முன் சீட்டில் அவள், காலடியில் வெற்றிவேல் தூக்கிவந்து வைக்கிற சோற்றுத் தூக்கு. ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், கருமாதி முடிந்த மறுநாள் அந்த வீட்டுப் பெண்ணிடம் அவள் போய்த் தேதி சொல்லிவிட்டு வருகிறாள்.

அம்மன் இன்னும் பதில் சொல்லவில்லை.